சுங்கச் சாவடியைத் திறந்த திவான்

சிறிய நாடு பெரிய சந்தையோடு சேரும்போது தன் வரி உரிமையில் எவ்வளவை விட்டுக்கொடுக்கலாம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் லக்சம்பர்க் போன்ற சிறு நாடுகளை வாட்டும் இக்கேள்வியை 1865-ஆம் ஆண்டிலேயே எதிர்கொண்டவர், கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ்.

அவர் 1828-இல் தஞ்சை மராட்டியக் குடும்பமொன்றில் பிறந்தார். நாம் மராட்டிய மண்ணில் வாழும் தமிழர். அவர் தமிழ் மண்ணில் வேரூன்றிய மராட்டியர். சென்னையில் பவல் என்னும் ஆசிரியரிடம் பயின்று, சிறிது காலம் கணிதமும் கற்பித்தார். 1849-இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியரானார். 1858-இல், இருபத்தொன்பதாம் வயதில், அந்நாட்டின் திவானானார்.

அப்போது கருவூலம் வற்றிக் கிடந்தது. ஆண்டுதோறும் ஆங்கிலேயருக்கு எட்டு லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டும். நிர்வாகத்தைத் திருத்தாவிட்டால் நாட்டையே எடுத்துக்கொள்வோம் என்ற எச்சரிக்கை 1855-இலேயே வந்துவிட்டது. மாதவராவ் அஞ்சவில்லை. மிளகிலும் புகையிலையிலும் அரசு வைத்திருந்த ஏகபோக உரிமையை ஒழித்தார். ஏழைகளை வாட்டிய சில்லறை வரிகள் பலவற்றை நீக்கினார். கடனும் அடைந்தது.

அடுத்து வந்ததே பெருஞ் சோதனை. திருவிதாங்கூர், கொச்சி, ஆங்கில இந்தியா ஆகிய மூன்று எல்லைகளிலும் சரக்குகளுக்குத் தனித்தனிச் சுங்கம் இருந்தது. 1865-ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்தத் தடைகளை அகற்றியது. வணிகம் தங்குதடையின்றி நடக்க வழி பிறந்தது. இழந்த வருவாய்க்கு ஈட்டுத்தொகையும் கிடைத்தது. ஆனால் துறைமுகச் சுங்க விகிதம் ஆங்கில இந்தியாவின் விகிதமாயிற்று. உப்பின் விலையும் அவர்கள் விலைக்கு உயர வேண்டியதாயிற்று. வணிகன் பெற்ற ஆதாயத்துக்கு ஏழையின் உப்பும் ஒரு விலை கொடுத்தது.

மாதவராவ் தவறு செய்தாரா? சுங்கச் சாவடிகளைத் திறந்தது தவறன்று. நாட்டையே இழக்கும் அச்சம் தலைமேல் தொங்கியபோது, பேரம் பேசி ஈடு பெற்றதே திறமைதான். குறை வேறிடத்தில் இருந்தது. விகிதங்களை முடிவு செய்த அவையில் திருவிதாங்கூருக்கு இடமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1968 முதல் பொதுச் சுங்கம் நடக்கிறது. எனினும் பொதுவான வரிச் சட்டம் எதற்கும் எல்லா நாடுகளும் இசைய வேண்டும். அங்கே சிறிய லக்சம்பர்க்கின் மறுப்புக்கும் மதிப்புண்டு.

மாதவராவ் 1872-இல் திருவிதாங்கூரை விட்டு நீங்கினார். பின்னர் இந்தூரிலும், 1875 முதல் 1882 வரை பரோடாவிலும் திவானாகப் பணியாற்றினார். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் வரவேற்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1891-இல் மறைந்தார். திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் எதிரே அவர் சிலை நிற்கிறது.

2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோது நம் மாநிலங்களும் தம் வரி உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தன. அவையும் ஐந்தாண்டுகளுக்கு ஈட்டுத்தொகை பெற்றன. ஆனால் வரி விகிதம் பேசும் மன்றத்தில் தமிழ்நாட்டுக்கும் மராட்டியத்துக்கும் கேரளத்துக்கும் வாக்கு உண்டு. ஈட்டுத்தொகை ஒருநாள் நின்றுவிடும், வாக்கு நிலைக்கும். கூட்டுறவில் சேரும் சிறியவர், பணத்தைவிட அந்த வாக்கையே முதலில் கேட்டுப் பெற வேண்டும். மாதவராவின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.