பத்து கோல் வாங்கியும் பின்வாங்காத வாத்தியார்

நம்ம மலையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாய்க் கிடக்கும். அதில் வெறுங்காலை வைத்தால் எப்படியிருக்கும் என்று பூம்பாறை, மன்னவனூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1952-ம் வருஷம் ஜூலை மாதம், ஒலிம்பிக் போட்டிக்காக நம் இந்திய கால்பந்து அணி பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி பட்டணத்துக்குப் போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது கோடைகாலம்தான். ஆனால் நம்மவர்களுக்கு அது தாங்கமுடியாத குளிர். அதிலும் பலர் வெறுங்காலோடு இறங்கினார்கள், ஊரில் ஆடிப் பழகினது அப்படி. எதிரே நின்றது யூகோஸ்லாவியா. ஆட்டம் முடிந்தபோது அவர்கள் பத்து கோல், நாம் ஒன்று.

அந்த அணியின் பயிற்சியாளர் பெயர் சையது அப்துல் ரஹீம். அதற்கு முந்தின வருஷம்தான், 1951-ல், டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இவருடைய அணி ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியிருந்தது. ஒரே வருஷத்தில் மாலையும் போய் மரியாதையும் போயிற்று! இந்த இடத்தில் அநேகர் ஒதுங்கிவிடுவார்கள். நம்ம பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிவிட்டால், இனி இவனுக்குப் படிப்பு வராது என்று தகப்பனே முடிவு கட்டி எஸ்டேட் வேலைக்கு அனுப்பிவிடுகிறார் அல்லவா? ரஹீமுக்கும் அப்படி முடிவு கட்ட ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர் ஒதுங்கவில்லை.

இவர் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ம் தேதி ஐதராபாத்தில் ஒரு இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கேயே பந்தும் ஆடினார். தொழில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமோவும் வாங்கினார். 1940-களில் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950-ல் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணியைக் கையில் எடுத்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வாங்கிற்று. எல்லாரும் கல்கத்தா அணிகளையே பெரிதாய்ப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

வாத்தியார் வேலை பார்த்தவர் ஆனபடியால் அவருடைய பயிற்சியும் பாடம் நடத்துகிற மாதிரியே இருந்தது. வலதுகால் பழக்கம் உள்ளவன் இடதுகாலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று தனிப் போட்டியே நடத்துவாராம். இன்னொரு போட்டியில் பந்தை வைத்துக்கொண்டு தனியாய் ஓடுவதற்கே அனுமதி கிடையாது. வந்த பந்தை உடனே கூட ஆடுகிறவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். தான் ஒருவனே வீரன் என்று காட்டிக்கொள்ள ஆசைப்படுகிற வாலிபனுக்கு இது எத்தனை கசப்பாயிருந்திருக்கும்! எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் ரொம்பப் பிடித்தது.

ஹெல்சிங்கித் தோல்விக்குப் பிறகு, இனி பூட்ஸ் கட்டாயம் என்று இந்தியக் கால்பந்து சங்கம் சட்டம் போட்டது. நான்கு வருஷம் கழித்து, 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். சொந்த மண்ணில் ஆடின ஆஸ்திரேலியாவை நம்மவர்கள் 4-2 என்று தோற்கடித்தார்கள். நெவில் டி சோசா அந்த ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா! இந்தத் தடவை 4-1. தோல்விதான், ஆனால் பத்து நாலாய்க் குறைந்திருந்ததைக் கவனியுங்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று நாலாவது இடம். பதக்கம் கைக்கு எட்டி நழுவிப்போயிற்று. 1960-ல் ரோமாபுரியில் பிரான்சோடு 1-1 சமன் செய்தும் முதல் சுற்றோடு திரும்ப வேண்டியதாயிற்று.

அப்புறம் 1962, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். அடுத்து ஜப்பானை 2-0 என்று ஜெயித்தார்கள். தையல் போட்ட தலையோடு பின்னால் நின்று தடுக்க முடியாது. ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? அவரை உட்கார வைக்காமல் முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று ஜெயித்தபோது ஜர்னைல் ஒரு கோல் போட்டார்.

செப்டம்பர் 4-ம் தேதி இறுதி ஆட்டம், மறுபடியும் தென்கொரியா. இஸ்ரவேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்ததால் அந்த ஊர் ஜனங்கள் கொதித்துப்போயிருந்தார்கள். முந்தின நாள் இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. அரங்கத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், எல்லாச் சத்தமும் நமக்கு விரோதமாய். கோல் காவலுக்கு ரஹீம் நிறுத்தினது ஆறடிக்கு மேல் உயரமான பீட்டர் தங்கராஜை. இவர் நம்ம நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்தவர். காய்ச்சலில் படுத்து அப்போதுதான் எழுந்திருந்தார். இன்னொருவர் திரிலோசன் சிங், காலில் அடி. அடிபட்டவனும் காய்ச்சல்காரனும் சேர்ந்த இந்த அணியில் பி.கே. பானர்ஜி முதல் கோலையும், தலையில் கட்டோடு நின்ற ஜர்னைல் இரண்டாவதையும் இருபது நிமிஷத்துக்குள் போட்டுவிட்டார்கள். 2-1. தங்கம்.

அன்று வெளியே நின்று ஆட்டத்தை நடத்தின மனுஷன் உடம்பிலும் சுகமில்லை. நுரையீரலில் புற்றுநோய். ஒன்பது மாதம்தான் கடந்தது, 1963 ஜூன் 11-ம் தேதி, 53 வயதில் ரஹீம் காலமானார். அவரிடம் பாடம் கேட்ட பி.கே. பானர்ஜி பிற்காலத்தில் பேர்பெற்ற பயிற்சியாளராகி 2020-ல் காலமானார். 1970-ல் பாங்காக்கில் ஆசிய விளையாட்டு வெண்கலம் வாங்கின இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஜகார்த்தாவுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா இன்னும் தங்கம் வாங்கவில்லை.