அருணை வானில் ஓர் ஒளி

புயலுக்கு முந்திய கருமுகில், மின்னல் கிழித்த வானம், பாறையில் மோதிச் சிதறும் அலை ஆகியவை ஒளிப்படக் கலை தோன்றிய நாள்தொட்டுக் கலைஞரை ஈர்த்து வருகின்றன. வானும் நீரும் எவருக்காகவும் காத்து நிற்பதில்லை. ஆகவே அவற்றைப் படமாக்குவது பொறுமைக்கும் விரைவுக்கும் ஒருங்கே வைக்கப்படும் தேர்வு. கணத்தைக் கைப்பற்றும் அத்தேர்வில் உலகம் வியக்க வென்ற ஒருவர், திருவண்ணாமலையில் தாம் கண்ட மிக அரிய வான்காட்சியைச் சொல்லில் மட்டுமே விட்டுச் சென்றார். அவர் பிரெஞ்சு நாட்டு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன்.

1908 ஆகஸ்டு 22 அன்று, பாரிசுக்கு அருகிலுள்ள சாந்தலூ என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். நூல் உற்பத்தியில் செல்வம் ஈட்டிய குடும்பம் அவருடையது. வணிகத்தில் மனம் ஒட்டாத அவர், ஆந்த்ரே லோட் என்னும் ஓவியரிடம் பயின்றார். கோட்டின் ஒழுங்கும் வடிவங்களின் இயைபும் அங்கே அவர் கண்ணில் பதிந்தன. 1930இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டுக்குச் சென்று, கடுங்காய்ச்சலால் உயிர் பிழைப்பதே அரிதாகித் தாயகம் திரும்பினார்.

அந்நாளில் அவர் கண்ணில் பட்டது மார்ட்டின் முன்காச்சியின் ஒரு படம். தாங்கனிக்கா ஏரியின் அலைகளுக்குள் மூன்று ஆப்பிரிக்கச் சிறுவர் பாய்ந்தோடும் காட்சி அது. நீரின் வெண்ணுரையும் சிறுவர் மேனியின் கருமையும் ஒரே கணத்தில் இணைந்து நிற்பதைக் கண்டு, ஒரு நொடிக்குள் நிலைபேற்றை அடைக்க இக்கருவியால் இயலும் என்று தெளிந்தார். 1932இல் மர்செய் நகரில் லைக்கா கேமரா ஒன்றை வாங்கினார். பளபளக்கும் அதன் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு, எவர் கவனத்தையும் ஈர்க்காது தெருக்களில் திரிந்தார். செயற்கை ஒளி வீசும் பிளாஷ் விளக்கை அவர் விரும்பியதில்லை.

அவ்வாண்டிலேயே பாரிசின் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம், வேலியின் இடைவெளி வழியே ஒரு படம் எடுத்தார். தேங்கிய நீரின் மேல் ஒரு மனிதர் தாவுகிறார். அவர் குதிகால் நீரைத் தொட இன்னும் இமைப்பொழுதே இருக்கிறது. கீழே அவர் நிழலுருவம் தலைகீழாகக் காத்திருக்கிறது. கடலும் அருவியும் தராத வியப்பை ஒரு சேற்றுக்குட்டை தந்துவிட்டது. 1938இல் ஆற்றங்கரையில் அமர்ந்து உண்டு மகிழும் எளிய குடும்பத்தைப் பின்னிருந்து படமாக்கினார். நீரை நீருக்காக மட்டும் அவர் நாடவில்லை. அதன் விளிம்பில் மனிதர் நிற்கும்போதே அது அவருக்குக் காட்சியாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, இருமுறை தப்ப முயன்று தோற்று, மூன்றாம் முறை, 1943இல், விடுதலை பெற்றார். 1947இல் ராபர்ட் காப்பா, டேவிட் செய்மூர், ஜார்ஜ் ராட்ஜர் முதலியோருடன் மாக்னம் என்னும் ஒளிப்படக் கூட்டுறவு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஆசியப் பகுதி அவர் பொறுப்பாயிற்று. சாவக நாட்டு நடனக் கலைஞரான மனைவி ரத்னா மோகினியுடன் அவர் இந்தியா வந்தார்.

1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துத் தம் படங்களைக் காட்டிவிட்டு விடைபெற்றார். சிறிது நேரத்தில் காந்தியடிகள் சுடப்பட்டார். பிர்லா இல்லத்தின் வாயிலில் நின்று அத்துயரச் செய்தியை நேரு மக்களுக்கு அறிவித்த இரவுக்காட்சியை, கிடைத்த மங்கிய வெளிச்சத்திலேயே அவர் பதிவு செய்தார். படம் கலங்கியிருந்தது, அக்கலக்கமே அந்த இரவின் உண்மையாயிற்று. அதே ஆண்டில் ஸ்ரீநகரின் ஹரி பர்வதச் சரிவில், இமயத்தின் பின்னிருந்து எழும் கதிரவனை நோக்கி முகத்திரையணிந்த பெண்கள் தொழுது நின்ற காட்சியைப் படமாக்கினார். மலையும் முகிலும் நிறைந்த அவ்வானத்தின் முன் ஒரு பெண்ணின் விரித்த கைகளே படத்தைத் தாங்கி நிற்கின்றன.

பின்னர்ச் சீனத்திலும் இந்தோனேசியாவிலும் நிகழ்ந்த பெருமாற்றங்களைப் பதிவு செய்து, 1950இல் மீண்டும் இந்தியா வந்தவர், ஏப்ரல் மாதம் திருவண்ணாமலையை அடைந்தார். 1896 முதல் அருணாசலத்தை விட்டு அகலாத ரமண மகரிஷி அப்போது நோயின் இறுதிநிலையில் இருந்தார். இடது கையில் தோன்றிய கட்டி, நான்கு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னும் தணியவில்லை. அந்நிலையிலும் அன்பர்க்குக் காட்சி தருவதை அவர் நிறுத்தவில்லை. பிரெஸ்ஸோன் அந்த இறுதி நாட்களைப் படமாக்கினார்.

ஏப்ரல் 14 அன்று மாலை, மகரிஷியின் சிற்றறைக்கு வெளியே அன்பர்கள் அமர்ந்து, அவர் இயற்றிய அட்சரமணமாலையைப் பாடினர். இரவு 8.47க்கு அவர் மூச்சு அடங்கிற்று. அவ்வேளை பிரெஸ்ஸோன் தாம் தங்கியிருந்த வீட்டின் முன் திறந்த வெளியில் இருந்தார். உடனிருந்த நண்பர்கள் வானைச் சுட்டினர். தெற்கிலிருந்து எழுந்த ஒளிப்பிழம்பு ஒன்று, நீண்ட வாலுடன், அதுவரை தாம் கண்ட எரிமீன் எதையும் ஒவ்வாத மெதுவான நடையில் வானைக் கடந்து, அருணாசலத்தின் உச்சியை எட்டி அதன் பின்னே மறைந்தது. அதன் பொருளை உய்த்துணர்ந்த அவர் கடிகாரத்தைப் பார்த்தார்; மணி 8.47. ஆசிரமத்துக்கு விரைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவ்வொளியைச் சென்னையிலும் கண்டதாகப் பலர் பின்னர்க் கூறினர். எரிமீன்கள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் எரியத் தொடங்குவதால், தொலைவிலுள்ள ஊர்களிலும் அவை ஒருங்கே தெரிவது இயல்பே. எனினும், சிவபெருமான் தீத்தூணாய் நின்ற இடம் என்று புராணம் போற்றும் மலையின் பின்னே, அந்த நிமிடத்தில் அது மறைந்ததை அறிவியற் கணக்கோடு மட்டும் நிறுத்திவிட அங்கிருந்தோர்க்கு மனம் வரவில்லை. பிரெஸ்ஸோன் எதையும் மெய்ப்பிக்க முனையவில்லை. திசை, நடை, நேரம் ஆகியவற்றை நேர்மையான சாட்சியாக உரைத்ததோடு அமைந்தார். மறுநாள் மகரிஷியின் உடலும் அன்பர்களின் துயரமும் அவர் படங்களில் இடம்பெற்றன. அந்த ஒளி இடம்பெறவில்லை.

சில நாட்களில் புதுச்சேரி சென்று ஸ்ரீ அரவிந்தரைப் படமாக்கினார். அரவிந்தரும் அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். 1952இல் வெளிவந்த பிரெஸ்ஸோனின் நூல், தி டிசைசிவ் மொமென்ட் என்னும் ஆங்கிலப் பெயரால், தீர்வான கணம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. 1970களின் தொடக்கத்தில் கேமராவை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, இளமையில் தொடங்கிய கோட்டோவியத்துக்கே திரும்பினார். 2004 ஆகஸ்டு 3 அன்று, பிரான்சில், 95ஆம் வயதில் மறைந்தார்.

கணங்களின் வேட்டைக்காரர் என்று புகழப்பட்ட அவர் வாழ்வில், பிடிபடாத அந்த ஒரு கணத்தைத் தோல்வி என்று எண்ணுதல் பொருந்தாது. கருவிக்கு முன்னதாகக் கண் விழித்திருந்ததால்தான் அவரால் சாட்சி சொல்ல இயன்றது. எழுதப்பட்ட கவிதைகளின் பின்னே எழுத இயலாத ஒன்றைக் கண்ட கண் இருக்கவேண்டும் என்பதைக் கவிஞர் அறிவர். பிரெஸ்ஸோனின் படங்களுக்குப் பின்னே, அருணைமலையின் மேல் மெதுவாக நகர்ந்த அந்த ஒளி இருக்கிறது.