சம்பள நாளின் கணக்கு

கியா பார்ம் என்றதும் பல்கலைக்கழக நண்பர்களுக்கு ஸ்ட்ராபெரித் தோட்டமும், அவித்த சோளமும், பள்ளி விடுமுறையின் வாகன நெரிசலும் நினைவுக்கு வரும். அங்கே பிறந்து வளர்ந்த எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது குளிர்தான். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே உள்ள ஊர் அது. விடியற்காலையில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பாட்டி கொழுந்து பறிக்கப் போன காலத்தில், அந்தக் குளிரைச் சாக்காக வைத்துத் தாத்தா குடித்தாராம். தென்னை வளராத மலை என்பதால் கள்ளைவிடச் சம்சுதான் அவருக்குக் கைக்கெட்டியது. சிறிய போத்தல், மலிவான விலை, கடுமையான போதை.

குடித்தால் குளிர் போகும் என்பது தோட்டத்தில் எல்லோரும் நம்பிய செய்தி. உண்மையில், மது உள்ளே போனதும் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் சூடு போலத் தெரிகிறதே தவிர, உடம்பின் உள்வெப்பம் வெளியேறிவிடுகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது, சொல்வதற்குத் தாத்தா இல்லை. சம்பள நாளன்று கடன் எழுதிய கடைக்காரர் ஒரு பக்கமும் தாத்தா ஒரு பக்கமும் நிற்க, மிச்சத்தைக் கொண்டு எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்பதைப் பாட்டி இன்றும் ஒரு கணக்கு வாத்தியார்போல வரிசையாகச் சொல்வார். அழ மாட்டார், கணக்கை மட்டும் சொல்வார்.

நம் நாட்டில் மது வாங்குவதற்கான வயது 2017 டிசம்பர் முதல் 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. எனக்கு 21 நிறைந்த அன்று, நண்பர்கள் என்னை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார்கள். விஸ்கியைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை என்று அவர்கள் பாடம் நடத்தினார்கள். ஸ்காட்ச் என்று பெயர் பெற வேண்டுமானால் ஸ்காட்லாந்தில் ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் கிடந்திருக்க வேண்டும். ஒரே வடிசாலையில் முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு வடித்தால் அது சிங்கிள் மால்ட். போத்தலில் 12 ஆண்டு என்று போட்டிருந்தால், உள்ளே கலந்திருப்பவற்றில் மிக இளையதற்கே 12 வயது. இவையெல்லாம் உண்மைதான். அன்று நானும் சுவைத்தேன். புகை மணமும் லேசான இனிப்பும் இருந்தன. பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் போத்தலின் விலை, பாட்டி கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை நெருங்கியிருந்தது. அந்த எண் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சில மாதங்களுக்குப் பிறகு சொற்போருக்காக மதுவிலக்குப் பற்றிக் குறிப்பெடுக்க நூலகம் சென்றேன். அங்கேதான் பாட்டியைப் போலவே கணக்குப் பார்த்த ஒருவரைச் சந்தித்தேன். அவர் மூதறிஞர் இராஜாஜி. தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் இவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், மூத்த மாணவர் ஒருவர் முகம் சுளித்தார். இந்தியைத் திணித்தவருக்கு நம் ஏட்டில் இடமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு மறைக்காமல் பதில் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10ஆம் நாள், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று அது சேலம் மாவட்டம். தந்தை அவ்வூரின் முன்சீப். பெங்களூரிலும் சென்னையிலும் படித்து முடித்து, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். தொழில் செழித்தது. மனைவி அலமேலு மங்கம்மாள் இளமையிலேயே இறந்துவிட, ஐந்து பிள்ளைகளோடு நின்றார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார்.

அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் தந்தை பெரியார். இருவரும் நண்பர்கள். பெரியாரைக் காங்கிரசுக்குள் அழைத்து வந்ததில் இராஜாஜிக்குப் பெரும் பங்குண்டு. 1921இல் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, பெரியார் தம் சொந்தத் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். அவர் சிறை சென்ற பின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் நின்றார்கள். பின்னாளில் இரு துருவங்களாகப் பிரிந்துபோன இருவரும், தொடக்கத்தில் ஒரே கள்ளுக்கடையை எதிர்த்தே பொதுவாழ்வில் நின்றார்கள் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

இராஜாஜி வழக்கறிஞர் தொழிலை உதறிவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குச் சென்றார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர் நூற்பது, தீண்டாமையை ஒழிப்பது, மதுவை விலக்குவது ஆகிய மூன்றும் ஆசிரமத்தின் வேலைகள். அங்கே அவர் ஏழைக் குடும்பங்களுக்கு நடுவில் வாழ்ந்தார். உழைத்துக் கிடைத்த கூலி வீட்டுக்கு வருவதற்குள் கள்ளுக்கடையில் கரைவதைக் கண்ணால் கண்டார். குடியைப் பாவம் என்று சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கூலி எவ்வளவு, கடைக்குப் போனது எவ்வளவு, அடுப்புக்கு வந்தது எவ்வளவு என்று கேட்டார்.

1929இல் விமோசனம் என்ற இதழை நடத்தினார். முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே வெளிவந்த தமிழ் இதழ் அது. அதன் துணையாசிரியராக ஆசிரமத்துக்கு வந்த இளைஞர் வேறு யாருமல்லர், நாம் விடுதியில் கண் விழித்துப் படிக்கும் பொன்னியின் செல்வனை எழுதிய கல்கிதான்! வந்தியத்தேவனைப் படைத்த கை, அதற்கு முன்பு குடிகாரர் வீட்டுக் கதைகளை எழுதிப் பழகிய கை. விமோசனம் நெடுநாள் நடக்கவில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தை இராஜாஜி வழிநடத்திச் சிறை புகுந்தார், இதழும் நின்றது.

அவரும் கதைகள் எழுதினார். அவற்றுள் திக்கற்ற பார்வதி என்பது, குடியால் ஓர் உழவர் குடும்பம் சிதைவதைச் சொல்லும் கதை. அவர் மறைவுக்குப் பின் 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் அதைத் திரைப்படமாக்கினார். அதில் பார்வதியாக நடித்தவர் லட்சுமி. பாட்டியிடம் அந்தக் கதையைச் சொன்னேன். இதையெல்லாம் எழுதி வேறு வைக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்.

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வரானார். எழுதியதையும் பேசியதையும் செய்து காட்ட வேண்டிய நேரம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பின்னர் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது பரவியது.

இங்கே ஒரு செய்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் தருமபுரியும் இருந்தது. அதுவே பழைய தகடூர், அதியமானின் ஊர். சிறிதளவு கள் கிடைத்தால் தனக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தான் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அதியமானை ஒளவையார் புறநானூற்றில் நினைந்து அழுகிறார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பருகியதும் அதே நூலில் உண்டு. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தமிழ்ப்பள்ளியில் அந்தப் பத்துக் குறளையும் மனனம் செய்த எனக்கு, புறநானூற்றைப் படிக்கும் வரை மறுபக்கம் தெரியாது. ஆகவே, தமிழன் குடித்ததே இல்லை என்று நாம் பெருமை பேச முடியாது. ஆனால் ஒளவை சொல்லும் கள் பகிர்ந்துண்ணும் கள். சிறிது இருந்தால் அடுத்தவருக்கு என்பதே அதன் அறம். சம்பள நாளின் சம்சுவில் அந்தப் பகிர்தல் எங்கே இருந்தது?

இராஜாஜியின் கணக்கு வழக்கும் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. கள், சாராயக் கடைகளிலிருந்து வந்த வருவாய் மாகாண அரசுக்குப் பெரிய பணம். அதை விட்டுவிட்டால் கஜானாவை எதைக்கொண்டு நிரப்புவது? 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அப்படிப்பட்ட பொது விற்பனை வரி முதலில் விதிக்கப்பட்டது சென்னை மாகாணத்தில்தான். வணிகர்கள் கொதித்தார்கள். ஏழையின் கூலியிலிருந்து கறந்த வருவாயை விட்டுவிட்டு, வணிகத்தின் மீது சுமையை வைத்ததால் வந்த கோபம் அது. மதுவை ஒழிப்போம் என்று மேடையில் பேசுவது எளிது. அதற்கான செலவை யார் கொடுப்பது என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு உண்டு?

அதே ஆட்சியில்தான் 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தார்கள். 1953இல் அவர் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டது. மறு ஆண்டு அவர் பதவி விலகினார். கூலிக்காரன் வீட்டு அடுப்பைக் கூர்ந்து பார்த்தவருக்கு, அவன் பிள்ளை கையிலிருந்த புத்தகத்தின் மதிப்புத் தெரியாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி இல்லையென்றால் நான் இங்கே இல்லை. முகம் சுளித்த மூத்தவருக்கு என் பதில் இதுதான்: அவர் செய்த தவறு தவறே. அதற்காக அவர் போட்ட கணக்கும் தவறாகிவிடாது.

1948இல் அவர் விடுதலை இந்தியாவின் தலைமை ஆளுநராக, அப்பதவியில் அமர்ந்த ஒரே இந்தியராக, தில்லியில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. ஆனால் கள்ளச் சாராயமும் கூடவே வளர்ந்தது. மரமேறிப் பிழைத்தவர்கள் தொழிலை இழந்தார்கள். பெரியாரே பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை ஏற்கவில்லை. 1971இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவு செய்தபோது, 92 வயது இராஜாஜி முதல்வர் கலைஞரின் இல்லத்துக்கே நேரில் சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மழையில் போனார் என்று இன்றும் சொல்கிறார்கள். கேட்டது கிடைக்கவில்லை. ஆகஸ்டு 30ஆம் நாள் தடை விலகியது. 1972 டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார். சுடுகாட்டில், தள்ளுவண்டியில் வந்து கண்ணீர் விட்டவர் வாழ்நாள் எதிரியும் நண்பருமான பெரியார். 1974இல் மதுவிலக்கு மீண்டும் வந்தது. பிறகு மீண்டும் போனது. 2003 முதல் தமிழக அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறைக் கடை நடத்துகிறது. அப்படியிருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

நம் நாட்டுக் கதையும் இதற்கு அந்நியமன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடும்படியும் கேட்டார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது. 2018இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவு மதுவுக்குப் பலியானவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இன்று எங்கள் மலையில் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் வேலை செய்கிறார்கள். குளிரும் மாறவில்லை, சம்பள நாளும் மாறவில்லை.

சட்டம் போட்டுத் தடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதாட வரவில்லை. இராஜாஜியின் சட்டம் தோற்ற இடங்களை மேலே எழுதியிருக்கிறேன். பட்டமும் வேலையும் பெற்ற நம்மில் சிலர், நாளை நல்ல விஸ்கியைத் தேர்ந்தெடுத்துச் சுவைக்கலாம். அது அவரவர் விருப்பம். எத்தனை ஆண்டு பீப்பாயில் கிடந்தது என்று பார்க்கும் அதே கண்ணால், இந்தப் பணத்துக்காக வீட்டில் யாராவது காத்திருக்கிறார்களா என்றும் ஒருமுறை பார்ப்போம். அது ஒரு நிமிடக் கணக்குதான்.

சென்ற விடுமுறையில் கியா பார்ம் போனபோது, என் பகுதிநேர வேலையின் முதல் சம்பளத்தைப் பாட்டியிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். குறையவில்லை என்று தெரிந்த பிறகே முந்தானையில் முடிந்துகொண்டார்.