கப்பலேறிய இமாம்: அல்லாமா ரிஃபாஆ அத்தஹ்தாவீ (ரஹ்)

  

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர், பயணத்திற்கு முந்திய ஜும்ஆவன்று நம்மிடம் வந்து துஆச் செய்யச் சொல்வது வழக்கம். துஆ முடிந்தபின் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். போகிற இடத்தில் பிள்ளையின் தொழுகை என்னாகும், ஒழுக்கம் என்னாகும் என்பதே அது. 1826 ஆம் ஆண்டில் எகிப்தை ஆண்ட முஹம்மது அலீ பாஷா, நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பிரான்சு நாட்டுக்குக் கல்வி கற்க அனுப்பியபோது, அவர்களுடன் ஓர் ஆலிமையும் இமாமாகச் சேர்த்து அனுப்பினார். அவரே ரிஃபாஆ அத்தஹ்தாவீ (ரஹ்) அவர்கள். அப்போது அன்னாரின் வயது 24. மாணவர்களிலேயே அவரைவிட மூத்தவர்கள் இருந்தனர்.

மேல் எகிப்தில் நைல் நதிக்கரையிலுள்ள தஹ்தா என்னும் ஊரில் 1801 ஆம் ஆண்டு அன்னார் பிறந்தார்கள். நெப்போலியன் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை எகிப்தை விட்டு வெளியேறியதும் அதே ஆண்டில்தான். ஸையிது வமிசத்தைச் சேர்ந்த குடும்பம். ஒரு காலத்தில் வசதியுடன் வாழ்ந்தது. பாஷா நிலவரி முறையை மாற்றியமைத்ததில் அவ்வசதி போயிற்று. தந்தையும் இறந்தபின், ஆலிம்களாக இருந்த தாய்மாமன்மார்களே தொடக்கக் கித்தாபுகளை ஓதிக் கொடுத்தனர். 1817 இல் அல்அஸ்ஹரில் சேர்ந்தார்கள். அங்கே வாய்த்த உஸ்தாத் ஷைகு ஹஸன் அல்அத்தார் (ரஹ்) அவர்கள், பிரெஞ்சுக்காரர்கள் கெய்ரோவில் இருந்தபோது அவர்களுடைய அறிஞர்களோடு பழகி, அவர்கள் கொண்டுவந்த நூல்களையும் கருவிகளையும் கண்ணால் கண்டவர். மதரஸாவில் ஓதியோர் அறிவர், ஓர் உஸ்தாதின் பார்வை மாணவரின் வாழ்வை எந்தத் திசைக்குத் திருப்பிவிடும் என்பதை! படைப்பிரிவொன்றில் இமாமாக இருந்த தஹ்தாவீ அவர்களைப் பாஷாவிடம் பரிந்துரைத்தவர் அத்தார் அவர்களே. போகும் வழியிலும் சேரும் ஊரிலும் காண்பவற்றையெல்லாம் எழுதி வைக்குமாறு பணித்தவரும் அவரே.

1826 ஏப்ரல் 13 அன்று, ஹிஜ்ரி 1241 ரமளான் பிறை 5 இல், இஸ்கந்தரிய்யா துறைமுகத்திலிருந்து 'லா ட்ரூயித்' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் புறப்பட்டது. ரமளானின் பெரும் பகுதியும் நோன்புப் பெருநாளும் கடலிலேயே கழிந்தன. ஷாஃபிஈ மத்ஹபினரான தஹ்தாவீ அவர்களுக்குக் கப்பல் தொழுகையின் சட்டங்கள் கித்தாபில் ஓதிய பாடங்களே. பர்ளுத் தொழுகையை நின்று தொழ வேண்டும். தலைச்சுற்றலால் நிற்க இயலாவிடில் அமர்ந்து தொழலாம். கப்பல் திரும்பினால் தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும். கப்பலின் முகமோ வடமேற்கே மர்ஸேயை நோக்கியிருந்தது. கிப்லாவோ தென்கிழக்கே, பின்னால் விட்டுவந்த திசையில் இருந்தது.

முதல் சில நாட்கள் கடல் அமைதியாக இருந்தது. பின்னர் காற்றெழுந்தது, அலைகள் மலையென உயர்ந்தன. மாணவர்களிற் பெரும்பாலோர் தரையோடு தரையாகக் கிடந்தனர் என்றும், அனைவரும் மறுமையில் மன்றாட்டம் செய்யும் நபி (ஸல்) அவர்களைக் கொண்டு அல்லாஹ்விடம் இறைஞ்சினர் என்றும் அன்னார் எழுதியுள்ளார்கள். 1995 வரை பம்பாயிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்ற கப்பல்களில் பயணித்த நம் பெரியவர்களிடம் கேட்டவர்களுக்கு இவ்வரிகள் புதிதாகத் தோன்றா.

அக்கப்பலில் அன்னாரை மிகவும் கவர்ந்தது எதுவெனில், துப்புரவு. பிரெஞ்சு மாலுமிகள் கப்பலின் மேல்தளத்தை நாள்தோறும் கழுவினர். படுக்கும் இடங்களைக் கூட்டிப் பெருக்கினர். படுக்கைகளை வெளியே விரித்துக் காற்றாட வைத்தனர். தூய்மை ஈமானைச் சேர்ந்தது என ஓதிவந்த நமக்கு, ஈமான் இல்லாதவர்கள் அதைப் பேணும் காட்சி எத்தகையது! அன்னார் இதனை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. வியப்பும் வருத்தமும் கலக்க எழுதினார்கள். பிறரிடம் நன்மையைக் கண்டால் அதை ஒப்புக்கொள்ள நாவு வராத ஆலிம்களும் உண்டு. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

கிரீட் தீவைக் கடந்து ஸிஸிலியை நெருங்கியபோது, பகலில் புகையும் இரவில் நெருப்பும் கக்கும் எட்னா மலையைக் கண்டார்கள். மெஸ்ஸினா துறைமுகத்தில் கப்பல் ஐந்து நாட்கள் நின்றது. ஆனால் ஒருவரும் கரையில் கால் வைக்க அனுமதியில்லை. கிழக்கிலிருந்து வரும் கப்பல்கள் கொள்ளைநோயைக் கொண்டுவரும் என்ற அச்சமே காரணம். பழமும் காய்கறியும் நன்னீரும் கரையிலிருந்து வந்தன. அவற்றிற்குக் கொடுத்த காசுகளை, நோய் தொற்றாதிருக்க, காடி நிரம்பிய பாத்திரங்களில் வாங்கிக்கொண்டனர். இரவில் ஊரின் மணியோசை கடல்மீது மிதந்து வந்தது. அதைக் கேட்ட தஹ்தாவீ அவர்கள், அவ்வோசையைப் பொருளாக வைத்து, அரபு இலக்கியத்தில் மகாமா எனப்படும் எதுகை உரைநடையில் ஒரு பகுதியை இயற்றினார்கள். கரையேற முடியாத ஐந்து நாட்களில் ஒரு மாணவர் செய்த வேலை இது!

மே 15 அன்று, 33 ஆம் நாளில், கப்பல் மர்ஸே துறைமுகத்தை அடைந்தது. அங்கும் உடனே நகருக்குள் விடவில்லை. ஊருக்கு வெளியே 'கரன்தீனா' என்னும் தனிமைக் கட்டடத்தில் 18 நாட்கள் தங்கவேண்டியதாயிற்று. இவ்விடத்தில் அன்னார் ஒரு பிக்ஹுச் சர்ச்சையையும் பதிவு செய்துள்ளார்கள். இப்படித் தனிமைப்படுத்துதல் கூடுமா, கூடாதா என்று தூனிஸ் நகரத்து ஆலிம்கள் இருவரிடையே விவாதம் நடந்திருந்தது. மாலிகீ மத்ஹபைச் சேர்ந்த ஷைகு முஹம்மது அல்மன்னாஈ, இது இறைவிதியை விட்டு ஓடுவதாகும், ஆகவே ஹராம் என்றார். ஹனஃபீ முஃப்தி முஹம்மது பைரம், இது ஆகுமானது என நிறுவித் தனி நூலே எழுதினார். 2020 ஆம் ஆண்டில் நோய்த்தொற்றால் பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகை நிறுத்தப்பட்டு, பாங்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் தனியே நின்ற நாட்களில், நம்மிடம் தொலைபேசியில் கேட்கப்பட்டதும் இதே கேள்விதான். அது ஒன்றும் நம் காலத்தில் முளைத்ததன்று.

அந்தக் கட்டடத்தில்தான் மாணவர்கள் முதன்முதலாக நாற்காலியில் அமர்ந்து, மேசைமீது தட்டும் கத்தியும் முள்கரண்டியும் வைத்து உண்டனர். தரையிலன்றி உயர்ந்த கட்டிலில் உறங்கினர். பின்னர் மர்ஸே நகரில் ஏறத்தாழ 30 நாட்களில் பிரெஞ்சு எழுத்துக்களைக் கற்றனர். அம்மாணவர்களுக்குத் தொழ வைப்பதே தஹ்தாவீ அவர்களுக்கு இடப்பட்ட பணி. படிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இருக்கவில்லை. அல்அஸ்ஹரில் பாடம் நடத்திய ஆலிம், தமக்குப் பின்னால் நின்று தொழுதவர்களின் பக்கத்தில் அமர்ந்து, குழந்தையைப் போல் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஈண்டு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஜுப்பாவும் தலைப்பாகையும் அணிந்தபின், எனக்கு இது தெரியாது, கற்றுக்கொடு என ஒரு வாலிபரிடம் கேட்பது எளிதன்று. நாமும் கணினியைக் கற்கத் தயங்கிப் பல காலம் கழித்தோம்.

பாரிஸ் நகரில் கழிந்த ஐந்தாண்டுகள் பற்றி விரிக்கப் புகின் மலரில் இடம் போதாது. தமக்குக் கிடைத்த ஊதியத்திலிருந்து நூல்களை வாங்கினார்கள். தனியாக ஓர் ஆசிரியரையும் அமர்த்திக்கொண்டார்கள். இரவு நேரப் படிப்பால் இடக்கண் பலவீனமுற்றது. இரவில் படிக்கக் கூடாதென்று மருத்துவர் தடுத்தும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் ஜோமார் முன்னிலையில் 1830 இல் நடந்த தேர்வில், தாம் மொழிபெயர்த்திருந்த 12 ஆக்கங்களை முன்வைத்துத் தேறினார்கள். 1831 இல் தாயகம் திரும்பினார்கள்.

உஸ்தாதின் பணிப்பை மறக்காமல் எழுதி வந்த குறிப்புகள், 'தக்லீஸுல் இப்ரீஸ்' என்னும் நூலாக 1834 இல் பூலாக் அச்சகத்தில் வெளிவந்தன. மேலே நாம் சொன்ன கடற்பயணச் செய்திகள் அந்நூலில் உள்ளவையே. அடுத்த ஆண்டு கெய்ரோவில் தொடங்கப்பட்டு, அல்அல்ஸுன் எனப் பெயர்பெற்ற மொழிகள் கல்லூரியை அன்னாரே நடத்தினார்கள். அங்குப் பயின்றோர் மருத்துவம், சட்டம், வரலாறு எனப் பல துறை நூல்களை அரபியில் பெயர்த்தனர். பின்னர் வந்த ஆட்சியாளர் அப்பாஸ் காலத்தில் கல்லூரி மூடப்பட்டது. பள்ளிக்கூடம் ஒன்றை நடத்துவதற்கென்ற பெயரில் அன்னாரை ஸூடானிலுள்ள கர்தூமுக்கு அனுப்பிவிட்டனர். உண்மையில் அது நாடுகடத்தலே. 1850 முதல் 1854 வரை அவ்வெயிலில் இருந்தபடி, பிரெஞ்சு அறிஞர் ஃபெனலோன் எழுதிய 'தெலெமாக்' என்னும் கதையை அரபியில் பெயர்த்தார்கள். தந்தையைத் தேடி ஒரு மகன் கடல் கடந்து அலைந்து, ஆசானிடம் பாடம் கற்கும் கதை அது.

ஆட்சி மாறியபின் கெய்ரோ திரும்பினார்கள். பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டுமென வலியுறுத்தும் 'அல்முர்ஷிதுல் அமீன்' என்னும் நூலை இறுதிக்காலத்தில் எழுதினார்கள். 1873 ஆம் ஆண்டு மே மாதம் கெய்ரோவில் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.