நீல்ஸ் ஃபின்சென்

நீல்ஸ் ரைபர்க் ஃபின்சென் (டிசம்பர் 15, 1860 – செப்டம்பர் 24, 1904) டென்மார்க் நாட்டு மருத்துவர் ஆவார். ஒளியைக் கொண்டு தோல் காசநோய்க்குச் சிகிச்சை அளித்தமைக்காக 1903 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. வெயில் தோலுக்கு இழைக்கும் தீங்கைத் தம் உடலிலேயே சோதித்து அறிந்தவர்.

வாழ்க்கை

பரோயே தீவுகளின் டோர்ஷாவன் நகரில், ஐஸ்லாந்து வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். ரெய்க்யவிக்கில் பள்ளிக் கல்வி முடித்து, 1890 இல் கோப்பன்ஹேகனில் மருத்துவப் பட்டம் பெற்றார். இருபதுகளிலேயே இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும் நோய் இவரைப் பற்றிக்கொண்டது. சோர்வுற்ற தம் உடலுக்கு வெயில் நலம் தருமா என்னும் எண்ணமே இவரை ஒளி ஆய்வுக்கு இட்டுச் சென்றது.

கையில் செய்த சோதனை

வெயிலில் தோல் சிவப்பதற்கு வெப்பமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. புறஊதாக் கதிர்களே காரணம் என சுவீடன் நாட்டு விட்மார்க் 1889 இல் காட்டினார். ஃபின்சென் தம் முன்கையில் மையால் பட்டை தீட்டிக் கடும் வெயிலில் காட்டினார். மை பூசாத இடம் சிவந்து பின்னர் கருத்தது. மைக்கு அடியில் இருந்த தோல் வெள்ளையாகவே இருந்தது. மையைக் கழுவிவிட்டு மீண்டும் வெயிலில் காட்டியபோது அந்த வெள்ளைப் பட்டை சிவந்தது. கருத்த பகுதி பெரிதும் மாறவில்லை. தோலின் நிறமி ஒரு காப்பு என்பது இதனால் விளங்கியது. கருவி எதுவும் வேண்டாத எளிய சோதனை இது. எனினும் இதில் தெரிந்தது கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு மட்டுமே. உயிரணுக்களின் டி.என்.ஏ. சிதைவை அளக்க அன்று வழியில்லை.

ஒளி மருத்துவம்

பெரியம்மை நோயாளிகளைச் சிவப்பு ஒளி அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்று 1893 இல் எழுதினார், இம்முறை நிலைக்கவில்லை. 1895 இல் கார்பன் வில்விளக்கின் ஒளியைக் குவித்து, லூப்பஸ் வல்காரிஸ் என்னும் தோல் காசநோய்க்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். 1896 இல் கோப்பன்ஹேகனில் ஒளி மருத்துவ நிலையம் நிறுவப்பட்டது. முகம் சிதைந்து, வெளியில் தலைகாட்டவும் அஞ்சிய நூற்றுக்கணக்கானோர் இங்கு நலம் பெற்றனர். நோபல் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை இந்நிலையத்துக்கு அளித்த ஃபின்சென், மறு ஆண்டே 43 ஆம் அகவையில் காலமானார்.

பிற்கால ஆய்வுகள்

ஒளி மருத்துவத்தின் வெற்றி, வெயில் நலமே தரும் என்ற நம்பிக்கைக்கு வலுவூட்டியது. 1920களில் ஐரோப்பாவில் வெயில் காய்தல் நாகரிகமாகவே ஆயிற்று. ஆனால் வெயிலில் உழலும் மாலுமிகளின் தோலில் புற்று தோன்றுவதை ஜெர்மானிய மருத்துவர் உன்னா 1894 இலேயே பதிவு செய்திருந்தார். புறஊதாக் கதிர்கள் எலிகளுக்குத் தோல் புற்றுநோயை உண்டாக்குவதை ஃபிண்ட்லே 1928 இல் காட்டினார். இக்கதிர்கள் டி.என்.ஏ.வின் அடுத்தடுத்த இரு தைமின்களைப் பிணைத்துவிடுவது 1960 இல் அறியப்பட்டது. சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணி எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992 இல் அறிவித்தது.

ஃபின்சென் பயன்படுத்திய வில்லைகளை டென்மார்க் ஆய்வாளர்கள் மீண்டும் சோதித்து 2005 இல் முடிவுகளை வெளியிட்டனர். டி.என்.ஏ.வை நேரடியாகத் தாக்கும் குறுகிய அலைநீளக் கதிர்களை அக்கருவி பெரும்பாலும் தடுத்துவிட்டது என்றும், நீண்ட அலைநீள ஒளி காசநோய்க் கிருமியிலுள்ள போர்ஃபிரின்கள் வழியே செயற்பட்டிருக்க வேண்டும் என்றும் அவர்கள் கண்டனர்.