முப்புரி கண்ட பேராசிரியர்

குச்சவெளிக் கடற்கரையிற் கயிறு திரிப்பதைப் பார்த்திருக்கும் நம்மவர்க்கு அதன் நுட்பம் தெரிந்ததே. ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கிப் பின்னர் மூன்றையும் சேர்த்து மறுபக்கமாகத் திரிப்பர். அதனாலேயே கயிறு எளிதில் அவிழ்வதில்லை. நம் தோலையும் தசைநாணையும் தாங்கும் கொலாஜன் என்னும் புரதமும் இவ்வாறே அமைந்ததென்று காட்டிய பேரறிஞர் ஜி. என். இராமச்சந்திரன் அவர்களின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

அன்னார் 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளியிற் பௌதிகம் கற்றபின், மின்பொறியியல் பயிலப் பெங்களூர் சென்றவரைச் சர் சி. வி. இராமன் பௌதிகத்துக்கே மீட்டுக்கொண்டார். கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து மீண்டவர், 1952இல், முப்பது வயது நிரம்புமுன்னரே சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத்துறைத் தலைவரானார்.

1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜனின் முப்புரி அமைப்பை வெளியிட்டு, மறு ஆண்டு திருத்தியும் அமைத்தார். அவ்வாண்டிலேயே எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர் எளியவரல்லர், 1953இல் வாற்சனுடன் டி.என்.ஏ.யின் இருபுரி அமைப்பைக் கண்ட கிரிக்கும், அவருடைய சகாவான அலெக்சாண்டர் றிச்சும் ஆவர். இராமச்சந்திரனின் அமைப்பில் அணுக்கள் மிகையாக நெருங்குகின்றன என்றும், அவர் கூறிய இரண்டு ஐதரசன் பிணைப்புகளுள் ஒன்றே பொருந்தும் என்றும் அவர்கள் வாதித்தனர். பிணைப்பைப் பொறுத்தவரை பிற்காலச் சான்றுகள் அவர்கள் பக்கமே நின்றன. முப்புரி என்னும் அடிப்படையோ அசையவில்லை.

இளம் பேராசிரியரின் பெயர் ஊசலாடிய காலம் அது. அவர் வாய்ப்போரில் இறங்கவில்லை. அணுக்கள் உண்மையில் எத்துணை நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அறியப்பட்ட பளிங்குகளின் அளவுகளையெல்லாம் திரட்டினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களிலேயே திரும்பவல்லது; அவற்றுட் பெரும்பாலானவற்றில் அணுக்கள் மோதும். மோதாது எஞ்சுவன எவை என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் ஒரு படம் வரைந்தார். இன்றும் புதிதாகக் காணப்படும் புரத அமைப்புகளை இராமச்சந்திரன் படம் கொண்டே உலகெங்கும் சரிபார்க்கின்றனர்.

அந்நெறி புரதத்தோடு நின்றுவிடவில்லை. டி.என்.ஏ.யும் ஒரே கோலம் உடையதன்று. ஈரம் மிக்கவிடத்து, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 இணைகள் கொண்ட பி வடிவம். ஈரம் குன்றியவிடத்து, 11 இணைகள் கொண்ட ஏ வடிவம். இரண்டும் வலப்பக்கமாகத் திரும்புவன. இடப்பக்கத் திருப்பமும் இயலுமென 1970களிற் பெங்களூரிலே சசிசேகரன் குழுவினர் கணித்துரைத்தனர். 1979இல் இடப்பக்கம் திரும்பும் இசெட் வடிவத்தைப் பளிங்கிலே கண்டது, வியப்பாக, அதே றிச்சின் குழுவே.

1977இல் இலண்டன் றோயற் சங்க உறுப்பினரான இராமச்சந்திரன், 2001 ஏப்பிரல் 7ஆந் திகதி சென்னையிற் காலமானார். தம்மை மறுத்தாரின் சொல்லிலும் உண்மை இருக்கக்கூடுமென்று அளந்து பார்த்தமையாலேயே அவர் பெயர் நின்றது. நம் கல்லூரி ஆய்வுகூடத்திற் பிழைபட்ட கணக்கோடு நிற்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.