காத்திருந்து வென்றவர்

கொட்டகலையில் என் சிற்றப்பாவின் அலமாரியில் திறவாத விஸ்கிப் போத்தலொன்று நெடுங்காலமாக இருந்து வந்தது. மறைந்த நண்பர் ஒருவர் கொடுத்த 'சூப்பர் நிக்கா' அது. மதுவைத் தொடாதவன் நான். எனினும் அதை ஆக்கிய மனிதரின் வரலாறு என் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது.

மசடக்கா டக்கெட்சுரு 1894இல் யப்பானின் ஹிரோஷிமா மாநிலத்தில், அரிசி மது காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தார். 1918இல் ஸ்கொட்லாந்து சென்று, கிளாஸ்கோவில் இரசாயனம் பயின்றார். வடிசாலைகளில் தொழில் பழகி, கண்டவற்றையெல்லாம் குறிப்பேட்டில் வரைந்தார். 1920இல் ரீற்றா கோவன் என்ற அந்நாட்டு நங்கையை, உற்றார் உடன்படாதபோதும் மணந்து தாயகம் மீண்டார்.

ஷின்ஜிரோ டொரியின் யமசாக்கி வடிசாலையை உருவாக்கிய பின்னர், 1934இல் குளிர்மிக்க ஹொக்கைடோவின் யொய்ச்சியில் தனித்தொழில் தொடங்கினார். பீப்பாயில் பல்லாண்டு உறங்காமல் விஸ்கி பக்குவமாகாது. அதுவரை பிழைப்பதெப்படி? ஆப்பிள் சாறு விற்றார். அப்பழச்சாற்று நிறுவனத்தின் யப்பானியப் பெயரே சுருங்கி நிக்கா ஆயிற்று. 1940இல்தான் முதல் விஸ்கி வெளிவந்தது. பின்னர் போர் மூண்டது; அந்நியப் பெண்ணென ரீற்றா ஐயத்துக்கு ஆளானார். ஆயினும் கணவரைப் பிரிந்தாரில்லை.

1961இல் அவர் மறைந்தார். துயரில் மூழ்கிய டக்கெட்சுரு, மறு ஆண்டே தம் கலைத்திறன் முழுவதையும் திரட்டி, கையால் ஊதிய கண்ணாடிப் போத்தலில் சூப்பர் நிக்காவை வெளியிட்டார். முளைகட்டிய பார்லியின் வடிநீரும் ஏனைய தானிய வடிநீரும் அளவறிந்து கலந்த கலவை அது. 1979இல் அவரும் மறைந்து, யொய்ச்சியிலேயே மனைவியருகே துயில்கிறார்.

இன்று சேகரிப்போர் பழைய போத்தல்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். ஆனால் பீப்பாயில் வளரும் சுவை போத்தலில் வளர்வதில்லை. விலை மட்டுமே வளர்கிறது.

இதைச் சிற்றப்பாவிடம் கூறினேன். திம்புளைத் தேயிலையைச் சுவைத்து, எந்தத் தோட்டத்துக் கொழுந்தென்று சொன்ன நாக்கு அவருடையது. முதுமையில் அச்சுவையுணர்வு நாளுக்கு நாள் மங்கி வருகிறது. சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்பு போத்தலின் தூசியைத் துடைத்து, தேயிலை ருசிபார்க்கும் வெண்கிண்ணங்கள் இரண்டைக் கொணரச் சொன்னார். ஒன்று தமக்கு, மற்றது அந்த நண்பருக்கு.